பெண்ணைப் பையன் மாதிரி வளர்த்தாயிற்று, பையனை?

என் மகளைப் பாராட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். "சூப்பர்ங்க, ஆம்பளப் புள்ள மாதிரி வளர்த்திருக்கீங்க." ஒன்பதாவது படிக்கிறாள். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், ஷட்டில் ஆடுகிறாள், பயிற்சிக்குத் தனியாக டவுன் பஸ் பிடித்துப் போய் வருகிறாள். 20 லிட்டர் தண்ணீர் கேனை அவள்தான் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்ப்பாள். தெருமுனையில் எவனாவது ஏதாவது சொன்னால் நின்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வருவாள். இதையெல்லாம் பார்த்து உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், என் ஆபீஸில் இருப்பவர்கள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் இந்த வாக்கியம் கொஞ்ச நாளாக நெஞ்சில் முள் மாதிரி நின்றுவிட்டது, இறங்கவும் மாட்டேன் என்கிறது. காரணம் அவள் இல்லை. அவளுக்கு ஐந்து வயது இளையவனான என் மகன். அவனைப் பற்றி யாராவது என்னிடம் வந்து, "அருமையா பொம்பளப் புள்ள மாதிரி வளர்த்திருக்கீங்க" என்று சொல்வார்களா? சொன்னால் அது சண்டைக்கு வருவது என்றுதானே அர்த்தம்?

பிள்ளைகளை ஆண் பெண் பேதம் இல்லாமல் வளர்க்கிறோம் என்று என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இப்போது சொல்கிறோம், மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் என்ன செய்கிறோம் என்று உட்கார்ந்து யோசித்தால், பெண் பிள்ளைக்குப் பையனுக்குக் கொடுத்ததையெல்லாம் கொடுக்கிறோம். சைக்கிள், கராத்தே, கோடிங் கிளாஸ், பேண்ட் சட்டை, ராத்திரி எட்டரை வரை டியூஷன். பையனுக்குப் பெண்ணிடம் இருந்ததில் எதைக் கொடுத்தோம்? அந்தப் பக்கம் ஒரு சாமான் கூட நகரவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெண்கள் பக்கத்தில் இந்த மண்ணில் நூறு வருஷமாக வேலை நடந்திருக்கிறது. ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி போய் உட்கார்ந்தார், பிறகு 1912-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அது சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று, 1989-ல் தமிழ்நாடு செய்த திருத்தத்தில்தான் மகளுக்கும் குடும்பச் சொத்தில் பங்கு வந்தது. நம் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் 1943-ல் படிப்பை முடித்த லலிதாவின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் சில மாதக் குழந்தை. அந்த நிலைமையிலிருந்து போய் மின்பொறியியல் படித்தார். அவருக்குக் கொடுத்த சான்றிதழில் 'அவன்' என்றுதான் அச்சடித்திருந்தார்கள், ஏனென்றால் அதுவரை பெண் யாரும் அதை வாங்கியதில்லை. அதை அடித்துவிட்டுப் பேனாவால் 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். என் மகள் இன்று தனியாகப் பஸ் ஏறுவதற்குப் பின்னால் இத்தனை பேருடைய பிடிவாதம் இருக்கிறது. அவள் ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போகிறாள், போகட்டும், நன்றாகப் போகட்டும். ஆனால் இந்தக் கதவு ஒரு பக்கம் மட்டுமே திறக்கிறது.

ஏழு பருவம் ஒன்று, மூன்று பருவம் வேறு

பள்ளியில் படித்த பிள்ளைத்தமிழை மகளுக்குத் தமிழ்ப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பப் பார்த்தேன். பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, இந்த ஏழும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஒன்றேதான். தவழ்வது, தாலாட்டு, கைகொட்டுவது, முத்தம் கேட்பது, நிலாவைக் கூப்பிடுவது. குழந்தை என்றால் குழந்தை, அவ்வளவுதான். எட்டாவது பருவத்தில் பாதை பிரிகிறது. பெண்ணுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். பையனுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இதில் சிற்றில் பருவம் என்ன என்று பாருங்கள். தெருவில் சிறு பெண்கள் மண்ணைக் குவித்து வீடு கட்டி, சோறு சமைத்து விளையாடுகிறார்கள். பையன் வந்து அதைக் காலால் எத்திக் கலைக்கிறான். கலைக்காதே என்று அந்தப் பெண்கள் கெஞ்சுவதுதான் பாட்டு முழுக்க. பாட்டு அழகு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கெஞ்சுகிற அந்தச் சிறுமிகளின் குரலில் அத்தனை குறும்பும் செல்லமும் இருக்கிறது. ஆனாலும் அன்று என் கண்ணில் பட்டது இதுதான்: அவன் உட்கார்ந்து கூட ஒரு சுவர் கட்டிய பருவம் என்று ஒன்று கிடையாது. பெண்கள் வீடு கட்டுவார்கள், அவன் வருவான், கலைப்பான், எல்லோரும் ரசிப்பார்கள்.

என் மகன் சின்ன வயதில் செப்புச் சாமான் வைத்து ஆடியவன். நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கிய மரச் செப்பு, அக்காவுடையது. அம்மி, உரல், திருகை, அடுப்பு எல்லாம் வைத்து எங்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பான், நாங்களும் உறிஞ்சிக் குடிப்போம். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அது குழந்தை. ஒன்றாம் வகுப்புப் போனதும் பிறந்தநாளுக்கு வந்த பரிசெல்லாம் கார், துப்பாக்கி, கிரிக்கெட் பேட். செப்புச் சாமான் பரணுக்குப் போய்விட்டது. யாரும் எடுத்துவைக்கச் சொல்லவில்லை, அதுவாகப் போய்விட்டது. வீட்டில் எடுக்கிற முடிவுகளில் பாதி இப்படித்தான் யாரும் எடுக்காமலே எடுக்கப்படுகின்றன.

மார்கழிக் கோலம்

எங்கள் அபார்ட்மெண்டில் மார்கழி மாதம் கீழே கேட் வாசலில் முறை வைத்துக் கோலம் போடுவோம். எங்கள் வீட்டு முறை வந்தால் அது என் மாமியார்தான். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர், ஏழு வயதிலிருந்து கோலம் போடுகிறவர். அவர் சிக்குக் கோலம் போடுவதைப் பார்க்க மற்ற வீட்டுக்காரர்கள் பால் பாக்கெட் வாங்க வந்த கையோடு நிற்பார்கள். பதினைந்திலிருந்து எட்டு வரை இடுக்குப்புள்ளி வைத்தால் ஒரு புள்ளி கோணாது, பிறகு எங்கோ ஆரம்பித்த கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும். போன வருஷம் அவருக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது, குனிய முடியவில்லை. ஒரு நாள் என்ன செய்தார் என்றால், பிளாஸ்டிக் நாற்காலியைக் கீழே கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தூக்கக் கலக்கத்தில் பின்னாலேயே போயிருந்த பேரனைக் கூப்பிட்டுப் புள்ளி வைக்கச் சொன்னார்.

அவனுக்கு அது எப்படிப் பிடித்துப்போயிற்று என்று எனக்குத் தெரியாது. கணக்குப் பிடிக்கும், அதனால் இருக்கலாம். மாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்து, நடுவிரலால் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். முதலில் கொட்டிக்கொட்டித் திட்டுத் திட்டாக விழுந்தது. "வெரல இறுக்காதடா, வுடு, அதுவா வுழும்" என்பார் ஆயா. (எங்கள் வீட்டில் அப்பாவின் அம்மாவை ஆயா என்றுதான் பிள்ளைகள் கூப்பிடும்.) சில வாரத்தில் கை வசத்துக்கு வந்துவிட்டது. நோட்டுப் பின்பக்கமெல்லாம் புள்ளிதான். எந்தப் புள்ளி எண்ணிக்கைக்கு ஒரே கோட்டில் முடியும், எதற்கு இரண்டு கோடு வேண்டியிருக்கும் என்று அவனே போட்டுப் போட்டுப் பார்ப்பான். ஆயாவுக்கே தெரியாத ஒரு திருப்பத்தை அவன் கண்டுபிடித்த அன்று கிழவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, முட்டி வலியோடு குனிந்து பார்த்துவிட்டு, "இது எனக்குத் தோணலயே" என்றார். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த மார்கழியின் முதல் வாரத்தில் இரண்டாவது மாடி அக்கா கீழே வந்தவர் என்னிடம் கேட்டார். "வீட்ல வயசுப் பொண்ணு இருக்கும்போது பையன எதுக்கு இந்த வேலைக்கு வுடறீங்க?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையான அக்கறைதான். அவன் பக்கத்திலேயேதான் குனிந்திருந்தான். அடுத்த சில நாளில் யாரோ அவன் கோலம் போடுவதை மேலிருந்து வீடியோ எடுத்து அபார்ட்மெண்ட் குரூப்பில் போட, அது ஒரு பையன் மூலமாக அவன் வகுப்புக்குப் போய்விட்டது. அங்கே அவனுக்கு ஒரு பெண் பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இது எதையும் அவன் எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் முறை வந்த காலையில் கால் வலிக்கிறது என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அடுத்த முறையும் கால் வலி. எல்லாவற்றையும் பிற்பாடு பெரியவள்தான் போட்டு உடைத்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் உடனே கிளாஸ் டீச்சருக்கு போன் போட எடுத்தேன். அப்போது ஆயா சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். அவர் சாதாரணமாக அதிகம் பேசுகிறவர் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"அவனையா கேலி பண்றாங்க? என்னத்தாம்மா பண்றாங்க. இத்தினி வருஷம் நான் குனிஞ்சு போட்ட கோலம். நான் போட்டா லட்சணம்னாங்க. அதையே ஒரு பையன் போட்டா அவனுக்கு அசிங்கமாயிடும்னா, அப்ப நான் செஞ்சதே அசிங்கமான வேலதானா? இது தெரிஞ்சிருந்தா நானும் போர்த்திக்கினு படுத்திருப்பேனே."

எனக்குப் பேச்சு வரவில்லை. மகனுக்கு நடந்த அவமானம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபது தாண்டிய ஒரு பெண், வாழ்நாள் முழுக்கத் தன் பெருமை என்று நினைத்த ஒன்று, ஒரு ஒன்பது வயதுப் பையன் தொட்டால் அவன் மானம் போய்விடும் அளவுக்குக் கீழானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

ஏறினால் பெருமை, இறங்கினால் அவமானம்

அந்த ஒரு பேச்சில் எனக்கு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஆண் செய்கிற வேலையைப் பெண் செய்தால் அவள் ஏறுகிறாள். பெண் செய்கிற வேலையை ஆண் செய்தால் அவன் இறங்குகிறான். என் மகளைப் பாராட்டுகிற வாயும் என் மகனைக் கேலி செய்கிற வாயும் ஒரே ஏணியைப் பார்த்துத்தான் பேசுகின்றன. மகள் எவ்வளவு உயரம் ஏறினாலும் அந்த ஏணி அப்படியேதான் நிற்கும், அவள் விட்டுவிட்டு வந்த கீழ்ப்படியில் இன்னொரு பெண்தான் நிற்பாள். எங்கள் வீட்டில் அது பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவாக இருக்கலாம், என் மாமியாராக இருக்கலாம், நானாகவே இருக்கலாம். ஆகவே ஆண் பெண் பேதம் இல்லாமல் வளர்ப்பது என்றால் பெண்ணை மேலே ஏற்றுவது மட்டும் போதவே போதாது, பெண்கள் இதுவரை செய்த வேலைக்கு மரியாதை வர வேண்டும், அந்த மரியாதை பையன்கள் கைகளில் அந்த வேலை போனால்தான் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலையின் தன்மை இதில் ஒன்றுமே இல்லை. கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள், சம்பங்கியும் ரோஜாவும் கலந்து ஆளுயர மாலை கட்டுகிறவர்களில் எத்தனை ஆண்கள். விரல் ஓடுகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. அதே ஆணின் வீட்டில் சாமி படத்துக்கு முழப் பூ கட்டுவது பெரும்பாலும் அவர் மனைவியாகத்தான் இருக்கும். ஊரில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சரக்கு மாஸ்டர் எல்லாம் ஆண்கள். ஆயிரம் பேர் கல்யாணத்துக்குச் சமைக்கிற மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவில் சாம்பார் கிண்டுகிறார், அவரை யாராவது பெண் மாதிரி என்கிறோமா? துணி தைப்பவர், தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர், எல்லாம் ஆண்கள். கூலி உண்டு என்றால் அது ஆண் வேலை, கௌரவமான வேலை. கூலி இல்லாமல் வீட்டுக்குள் செய்தால் அதுவே பெண் வேலை. ஆண் கைக்கு வராத வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்திய அரசு 2019-ல் நாடு முழுக்க ஒரு நேரக் கணக்கெடுப்பு நடத்தியது, யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்று. வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். அந்த 97 நிமிஷமும் வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரிதான், அப்படிக் கை வைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். மிச்சம் 74 பேர் அன்றைக்கு ஒரு டம்ளரைக் கூடக் கழுவவில்லை. 2024-ல் திரும்ப எடுத்தார்கள்: பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்ததே என்று சந்தோஷப்படுவதற்குள் ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டது. எனக்கு இதில் மனதை அறுத்த விஷயம் இன்னொன்று. இந்தக் கணக்கு ஆறு வயதிலிருந்து எடுக்கப்படுகிறது. செப்புச் சாமான் பரணுக்குப் போகிற அதே வயது.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2023 ஜூனில் நம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டை நிர்வகிக்கிற மனைவியின் உழைப்பும் சேர்ந்துதான் கணவன் வாங்கிய சொத்து உருவாகிறது, அதில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் வந்தது, உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. என் மாமியார் கிராமத்துத் தோழிகள் அந்தப் பணத்தைப் பற்றிப் பேசும்போது குரலே வேறாக இருக்கும். இதெல்லாம் நடந்த வேலைக்கு மரியாதை. ஆனால் வேலையை யார் செய்வது என்பதைக் கோர்ட்டும் அரசும் எங்கள் சமையலறைக்குள் வந்து மாற்ற முடியாது, அது வளர்ப்பில்தான் இருக்கிறது. கேரளத்தில் 2024-ல் புதுப்பித்த மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் போட்டிருக்கிறார்கள். ஒரு படம்தான். ஆனால் மூன்றாவது படிக்கிற ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், நம் வீட்டுத் துருவுமனையில் அப்பா ஏன் உட்காரவில்லை என்று யோசிப்பான் இல்லையா?

என் தங்கை கேட்ட கேள்வி

இதையெல்லாம் போனில் சொன்னபோது என் தங்கை ஒரு கேள்வி கேட்டாள். "ஊர மாத்தணும்னா நீ மாத்து அக்கா. அதுக்கு அவன எதுக்குப் பணயம் வைக்கிற? ஸ்கூல்ல அடி வாங்கப் போறது அவன்தானே?" அவளுக்கும் ஒரு பையன் இருக்கிறான், பயத்தோடுதான் கேட்டாள். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, பல ராத்திரி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில பேர் இதற்கு, பையனைத் தைரியமாக வளர்த்தால் கேலியைத் தாங்கிக்கொள்வான் என்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு ஒன்பது வயதுக் குழந்தையின் முதுகில் ஊரின் வழக்கத்தை ஏற்றிவைத்துவிட்டு, நீ தாங்கு என்று சொல்வது நியாயமா? அழாதே, தாங்கிக்கொள், ஆம்பளையாக இரு என்று காலம் காலமாகப் பையன்களிடம் சொல்லிவந்த அதே பேச்சுதானே இதுவும்? அவனுக்கு வலிக்கிறது. வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாமல்தான் கால் வலி என்றான். அந்தப் பழக்கம் ஒன்பது வயதுக்குள்ளேயே எப்படி வந்தது என்பதே எனக்குப் பெரிய கவலை.

அதனால் அவனிடம் கோலம் போடு என்று நான் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெதுவாகக் கேட்டேன், உனக்கு இப்போது கோலம் பிடிக்கவில்லையா என்று. ரொம்ப நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "அப்பாவுக்குக் கோலம் போடத் தெரியாதுல்ல?" என்றான். தெரியாது என்றேன். "அப்போ எனக்கும் தெரியாமலே இருக்கட்டும்."

என் கணவர் அப்போது சமையலறையில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டன் அவர் கை வேலை, ராத்திரிப் பாத்திரமும் அவர்தான், இதற்கே எனக்கு "குடுத்து வச்சவ" என்ற பட்டம் உறவில் கிடைத்திருக்கிறது. நல்ல மனிதர், உண்மையாகவே பங்கு எடுக்கிறவர். ஆனால் அவர் செய்வதெல்லாம் கதவுக்கு உள்ளே. பாத்திரம் கழுவுவதை எங்களைத் தவிர யார் பார்க்கிறார்கள்? வாசலில், தெரு பார்க்க, நாலு பேர் பால் வாங்கப் போகிற நேரத்தில் குனிந்து உட்கார்ந்து செய்கிற ஒரு வேலையை அவர் செய்து என் மகன் பார்த்ததில்லை. வேறு எந்த வீட்டு அப்பாவையும் பார்த்ததில்லை. அவன் கேட்டதில் அத்தனை நியாயம் இருந்தது. பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை, நம்மில் தன்னைப் போன்றவர் யார் என்று தேடி அவர் செய்வதைப் பார்க்கிறார்கள். பெண் பிள்ளைக்கு முன்னால் போக லலிதா இருந்தார், முத்துலட்சுமி இருந்தார், வேலைக்குப் போகிற அம்மா இருக்கிறாள். பையனுக்கு முன்னால் யார் போனார்கள்? இந்தக் கேள்வியை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்றார், பதில் சொல்லவில்லை. அன்று சாப்பிடும்போது யாரும் அதிகம் பேசவில்லை.

பொங்கல் நோட்டீஸ்

எங்கள் அபார்ட்மெண்ட் பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் ஒரே நோட்டீஸ்தான், தேதி மட்டும் மாறும். கோலப்போட்டி, பெண்களுக்கு. உறியடி, ஆண்களுக்கு. மியூசிக்கல் சேர், சிறுவர் சிறுமியருக்கு. இந்தத் தடவை அசோசியேஷன் செக்ரட்டரி சாரிடம் போய், இரண்டு போட்டியிலும் 'அனைவருக்கும்' என்று போடுங்கள் சார் என்று கேட்டேன். ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் அவர், எதிர்ப்புச் சொல்வார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்க அம்மா எனக்குத்தாம்மா முதல்ல கோலம் சொல்லிக் குடுத்தாங்க, தங்கச்சி பொறந்தப்புறம் நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு நோட்டீஸை மாற்றி அடிக்கச் சொன்னார். இப்படி நின்றுபோன கோலம் இந்த ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறதோ.

நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயந்திரமே உறியடிக்குப் பெண் பிள்ளைகள் வரிசையாகப் பெயர் எழுதிவிட்டார்கள், முதல் பெயர் என் மகளுடையது. அவர்கள் அப்பாக்களே கூட்டி வந்து எழுத வைத்தார்கள், ஒரே உற்சாகம். கோலப்போட்டி பக்கத்தில் வழக்கமான அம்மாக்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. சில நாள் அப்படியே இருந்தது. அப்புறம் ஒரு நாள் லிஃப்டுக்குப் போகும்போது பார்க்கிறேன், அந்தப் பட்டியலின் கடைசியில் என் கணவர் பெயர், அவர் கையெழுத்தில். என்னிடம் சொல்லக்கூட இல்லை. இரண்டாவது மாடி அக்காவின் வீட்டுக்காரரிடமும் கேட்டிருக்கிறாராம், யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். மகனிடம் இதுவரை யாரும் பெயர் கொடுக்கச் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாலில் கோலமாவு டப்பாதான். ஆயா சோபாவில் உட்கார்ந்துகொண்டு நாற்பத்திரண்டு வயது மகனுக்கு நேர்ப்புள்ளி சொல்லிக்கொடுக்கிறார், அவருக்குப் புள்ளி நேராகவே நிற்க மாட்டேன் என்கிறது, விரலை இறுக்கிக்கொண்டு திட்டுத் திட்டாகக் கொட்டுகிறார், ஆயா திட்டுகிறார். சின்னவன் ஹோம்வொர்க் நோட்டோடு மேஜையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, "அப்பா, மூணாவது வரிசையில ஒரு புள்ளி விட்டுட்டீங்க" என்றான்.